ரப்பரில் நான்கு கீறல்

மாலை ஏழு மணிதான். ஆனால் மழை இருட்டு. நியூ டவுனின் கடைசி அடுக்குமாடிகளையும் தாண்டிப் போகிற அந்த நேர்ச் சாலையை நீங்கள் பார்த்திருப்பீர்கள்... இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் காஷ் புல், நம் ஊர் நாணல் மாதிரி. நடுவில் ஒரே ஒரு கார். வைப்பர் போகிறது... வருகிறது. சர்ரக்... சர்ரக்...

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது. இது நம் அனுராதாவின் அண்ணி மாதங்கிக்கு நடந்தது.

மாதங்கிக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. அவளுக்கு இருந்ததெல்லாம் எரிச்சல்தான்.

நாற்பது வயதுக்குமேல் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, தன் சம்பளத்தில் ஒரு பழைய காரை வாங்கியிருந்தாள். பெஹாலா வீட்டுக்கும் நியூ டவுன் ஆபீசுக்கும் நடுவே அந்தக் காருக்குள் இருக்கும் நேரம்தான் ஒரு நாளில் யாரும் அவளைக் கூப்பிடாத நேரம். கண்ணாடியை ஏற்றிவிட்டால் தனக்குத்தானே பேசிக்கொள்ளலாம். அழலாம்கூட. ஒரு தடவை அழுதும் இருக்கிறாள், காரணமே இல்லாமல்... நன்றாக இருந்தது.

அதற்கு உலை வைத்தது ஒரு முழ ரப்பர்.

ஓட்டுநர் பக்கத்து வைப்பர். புது ரப்பர் போட்ட முதல் மழையிலேயே கிழிந்துவிடும். நுனியில் அல்ல, நடுவில். வரிசையாக நான்கு கீறல்... ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. கண்ணாடியில் நான்கு தண்ணீர்க் கோடு நிற்கும். எதிரே வரும் விளக்கெல்லாம் அந்தக் கோடுகளில் உடைந்து சிதறும்.

"ஏண்டி, காரை ஓட்டறியா, வைப்பரைக் கடிச்சுத் திங்கறியா?" என்றான் அவள் கணவன் ஜெய்ராம்.

கீழ் ஃபிளாட் வங்காளி தாதா கண்ணாடியை ஷாம்பூ போட்டுக் கழுவச் சொன்னார். கழுவினாள். காய்ந்த கண்ணாடியில் வைப்பர் போடக்கூடாது என்றார்கள். போடவில்லை. வெயிலில் நிறுத்தினால் ரப்பர் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும் என்று வைப்பரின் இரண்டு கைகளையும் தூக்கி நிறுத்திவிட்டுப் போனாள். ஆபீஸ் வாசலில் அவள் கார் மட்டும் சரணடைந்த மாதிரி நிற்கும். மறுபடி மழை... மறுபடி நான்கு கீறல்.

பவானிபூரில் கார் சாமான் கடை வைத்திருக்கும் ஆம்பூர்க்காரர் முகமது இஸ்மாயில் அலுத்தே போனார். "நான் என்னக்கா பண்ணட்டும்? எலி கடிச்சா ஓரத்துல கடிக்கும். இது என்னமோ..." என்று குனிந்து பார்த்தவர், "முன் கண்ணாடி மட்டும் யாரோ புதுசு மாத்தியிருக்காங்க. மத்ததெல்லாம் வண்டியோட வந்தது" என்றார்.

அதை யார் கேட்டார்கள்? ரப்பர் ஏன் கிழிகிறது என்று கேட்டால் கண்ணாடிக் கதை சொல்கிறாரே என்று அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"இன்னொரு தரம் கிழியட்டும். வண்டியை வித்துடறேன். உனக்கு இதெல்லாம் பாத்துக்க வராது" என்றான் ஜெய்ராம். சத்தம் போட்டிருந்தால் அவளும் சத்தம் போட்டிருப்பாள். சிரித்துக்கொண்டே சொன்னான்.

அந்த வாரம் அவளே ரப்பர் மாற்றினாள். பழையதிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுப் பட்டைகளை உருவி, புதியதன் இரு ஓரத்திலும் செருகி, ஒவ்வொரு கொக்கியாக உள்ளே தள்ளி, கடைசியில் 'டக்' என்று பூட்டும்வரை... விரல் வெட்டுப்பட்டு ரத்தம் வந்தது. துடைத்துக்கொண்டாள்.

அப்புறம்தான் அந்த மாலை. பெரிய ரோட்டில் முழங்கால் தண்ணீர் என்று இந்தச் சாலையில் திரும்பினாள். மழை வலுத்தது. சர்ரக்... சர்ரக்... கண்ணாடி பளிங்கு மாதிரி இருந்தது. அவள் தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

சர்ர...

நின்றுவிட்டது. பாதி வழியில்.

மோட்டார் முனகியது. ரப்பர் கருகும் வாடை. பிளேடு மேலே போகப் பார்த்தது... ஏதோ கீழே இழுத்தது. விளக்கு வெளிச்சத்தில் புது ரப்பர் மெதுவாக நீண்டது. நான்கு இடத்தில், நான்கு விரல் கோத்துப் பிடித்த மாதிரி. வெளியே யாருமில்லை. மழைதான். ஆனால் மழை கண்ணாடியில் ஓரிடத்தில் மட்டும் விழவில்லை... ஒரு மார்பு அகலத்துக்கு.

பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இத்தனை வருஷம் யாரிடமும் காட்டாத கோபம் மொத்தமாகத் தொண்டைக்கு வந்தது. எனக்கென்று இருப்பது இது ஒன்றுதானே, இதையுமா?

"விடு!" என்று கத்தினாள். "இது என் வண்டி. விடு!"

ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள்.

விட்டது.

சர்ரக்... என்று பிளேடு மேலே போனது. அதே நொடி கார் தூக்கிப் போட்டது. முன் சக்கரம்... பிறகு பின் சக்கரம்.

இறங்கிப் பார்த்தாள். டார்ச் அடித்து அடியிலும் பார்த்தாள். வழவழவென்று தார் ரோடு. காஷ் புல் மழையில் படுத்துக் கிடந்தது. ஒன்றுமே இல்லை. இருந்தும் நனைந்துகொண்டே வெகுநேரம் அங்கேயே நின்றாள். கத்தியது தன் குரல்தானா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. இஸ்மாயில் சொன்ன, மாற்றிய முன் கண்ணாடி நினைவுக்கு வந்தது. அந்தச் சொல்லை, அதே மாதிரி, வண்டி தன் கைக்கு வருமுன் இந்த ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து வேறு யாரோ ஏற்கெனவே கத்தியிருக்கிறார்கள் என்று தோன்றியது.

வீட்டுக்கு வரும்வரை வைப்பர் ஒரு சத்தம் போடவில்லை. காரும் குலுங்கவில்லை.

மறுநாள் காலை ஜெய்ராம் பிளேடைத் தூக்கி, ரப்பரை விரலால் நுனிமுதல் நுனிவரை தடவினான். ஒரு கீறல் இல்லை.

"பரவால்லையே. கத்துண்டுட்டே" என்றான். "சரி, விக்க வேண்டாம். நீயே வெச்சுக்கோ."

அவள் காத்திருந்த வார்த்தை. சாவியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

உள்ளே போகப் போனவன் திரும்பினான். "ஆமா, நம்ம கேட் கிட்ட புதுசா ஸ்பீட் பிரேக்கர் போட்டிருக்கானா என்ன? நேத்து நீ உள்ளே வரச்சே பால்கனியிலேர்ந்து பாத்தேன். வண்டி ரெண்டு தரம் தூக்கிப் போட்டுதே... முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு."

கேட் வாசலில் ஸ்பீட் பிரேக்கர் கிடையாது.