சுவரில் ஏறாத பெயர்

— பைபிள் மேல கை வச்சுச் சொல்றேன் தெபேரு, இதுல ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. பிரஷ்ஷைக் கீழ வை. உன் தங்கி சித்தப்பா பேரை எழுதாத.

— மாரா பெரியப்பா, நம்ம குக் தீவு டீம் ஆடின ரக்பி மேட்ச் அத்தனையும் இந்தக் கிளப் சுவர்ல ஏறணும். சனிக்கிழமை திறப்பு. இந்த ஒரு வரிதான் பாக்கி. நியூவே தீவோட ஆடி, நாலுக்குச் சைபர்னு ஜெயிச்சோம். பந்தைக் கோட்டுக்கு அப்பால வச்சு அந்த நாலு பாயிண்டும் எடுத்தது தங்கி சித்தப்பா.

— வச்சது நான். கேட்டுக்கோ. மழை. முழங்கால் வரைக்கும் சேறு. பந்து என் கைல. நியூவேக்காரனுங்க பன்னெண்டு பேரும் என் மேல தொங்கறானுங்க. அத்தனை பேரையும் இழுத்துட்டே நடந்தேன். ரெஃப்ரீ குறுக்க நின்னார். அவரையும் தூக்கிக்கிட்டேன். என் தோள்ல உக்காந்துதான் விசில் ஊதினார்.

— தங்கி சித்தப்பா அப்ப எங்க இருந்தார்?

— தென்னை மரத்தடியில. இளநி குடிச்சிட்டிருந்தான்.

— மேட்ச் நடுவுலயா?

— அவன் அப்படித்தான். கணக்கு எழுதினவன் சேத்துல ஆள் தெரியாம அவன் பேரைப் போட்டுட்டான். நான் கட்டிக்கணும்னு இருந்த வைனே எனக்காகக் கட்டின பூமுடி அவன் தலைக்குப் போச்சு. பின்னாடியே வைனேயும் போனா. முப்பத்தெட்டு வருஷமா எந்த விருந்துல குழியடுப்பைத் திறந்தாலும் முதல் பன்னித்துண்டு அவனுக்கு, எனக்குக் கிழங்கு. சர்ச்சுல பாடும்போதுகூட என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேற. இப்ப சுவர்லயும் அவனா?

— சரி பெரியப்பா. ரக்பி லீக்ல ஒரு டீமுக்குப் பதிமூணு பேராச்சே. பன்னெண்டுங்கறீங்க?

— ஒருத்தனுக்கு விமானத்துலயே வயித்தைக் கலக்கிடுச்சு. வந்தது பன்னெண்டுதான். காலைலயே எண்ணிட்டேன்.

— வந்த டீமுக்கு ஆள் குறைஞ்சா நாம என்ன செய்வோம்?

— அந்தத் தீவுல தாத்தா உள்ளவன் நம்மகிட்ட இருந்தா, அன்னிக்கு மட்டும் அவனை அவங்க பக்கம் ஆடக் குடுப்போம். மரியாதைதானே. அதெல்லாம் இப்ப எதுக்கு?

— உங்க தாத்தா எந்த ஊரு?

— நல்ல மனுஷன். நண்டு பிடிச்சார்னா...

— நியூவேதானே?

— ஒரு பக்கம்.

— அன்னிக்கு ரெண்டு டீம் பேரையும் எழுதின தாள் இது, பெரியப்பா. நியூவே வரிசையில பதிமூணாவது பேர் மாரா, பக்கத்துல உங்க கையெழுத்து.