ருவாரியைப் பிடிச்ச பிடி

இல்லடா, நீ நிறுத்தாத, கறந்துக்கிட்டே இரு. நான் இப்படி ஓரமா நின்னுக்கறேன். நீ பேசணும்னு இல்ல. பேச மாட்டேன்னுதான் தெரியுமே, ஃபைனல் முடிஞ்சு பஸ்ல வர்றப்பவே வழிபூரா ஜன்னலப் பார்த்துக்கிட்டுத்தானே வந்த. இந்தக் கறுப்பு மாடு பக்கத்துல நிக்கலாமா? உதைக்குமா? சரி, தள்ளி நிக்கறேன். தலையாவது ஆட்டுனியே, அது போதும்.

உங்கம்மாதான் சொன்னாங்க, ஃபின்டன் கொட்டகையில இருக்கான், போய்ப் பாருன்னு. டீ குடிச்சிட்டுப் போடா கஹால்னு ரொட்டியெல்லாம் வெட்டி வெண்ணெய் தடவி வச்சாங்க. உக்கார முடியலடா. அவங்க என் மேல கோவப்பட்டிருந்தா உக்காந்திருப்பேன். என்னமோ நான் காய்ச்சல்ல எழுந்து வந்தவன் மாதிரி, இன்னொரு துண்டு எடுத்துக்கோன்னாங்க. உங்கப்பா மாடியில டை கட்டிக்கிட்டிருக்காராம். நம்ம கிளப் மீட்டிங்குக்கு எவன்டா டை கட்டுவான்? போன வருஷம் அவரு ரப்பர் பூட்ஸோட வந்து உக்காந்தவரு. அப்ப அவருக்கும் தெரிஞ்சுபோச்சு, இன்னிக்கு கோச் பதவியிலேருந்து எறக்கத்தான் கூப்பிடறாங்கன்னு.

ஊர்ல என்ன பேசறாங்கன்னு உனக்குத் தெரியாம இருக்காது. கோச் மாலாக்கிக்குப் புத்தி கெட்டுப்போச்சு, சொந்தப் பையன பெஞ்சுல உக்கார வச்சிட்டு, ஆஸ்திரேலியாவுல ஃபுட்பால்னு ஆளுங்கள இடுப்பச் சேர்த்துப் பிடிச்சு உருட்டறத வேலையாப் பண்ணிக்கிட்டிருந்தவன ஃபைனல்ல எறக்கலாமா, அவன் என்ன பண்ணுவான் பாவம், அவன் கை அவன் பேச்சக் கேக்குமா? இதான் பேச்சு. ஒருத்தன்கூட என்னத் திட்டலடா. நேத்து பெட்ரோல் பங்க்ல காசு குடுக்க நிக்கறேன், கல்லாவுல இருக்கற ப்ரீடா அக்கா காபி ஊத்திக் குடுத்துட்டு, உன் மேல தப்பில்ல கண்ணு, கை பழகிப்போச்சு, உன்ன எறக்குனவரத்தான் சொல்லணும்னாங்க. நான் என்ன பண்ணேன்னு நெனைக்கற? காபியக் குடிச்சேன். நல்லா சூடா இருந்துச்சு.

கை பழகறதுன்னு ஒண்ணு இருக்குடா, அது பொய்யில்ல. அங்க போன புதுசுல என்னப் பார்த்து எப்படிச் சிரிச்சாங்க தெரியுமா? நம்ம ஹர்லிங் மட்டையாட்டத்துல ஒசரத்துல பந்து வந்தா என்ன பண்ணுவோம், எடது கை மேல போவும், வலது கை மட்டைய முன்னாடி நீட்டி அந்தக் கைக்குக் காவல் நிக்கும். இல்லன்னா விரல் போயிடும். அங்க மட்டையே கிடையாதே. முட்டை மாதிரி ஒரு பந்து மேலேருந்து வருது, எனக்கு எடது கை மட்டும் போவுது, வலது கை சும்மா மொகத்துக்கு முன்னாடி நிக்குது, இல்லாத மட்டையப் பிடிச்சிக்கிட்டு. டிராஃபிக் போலீஸ்னு பேர் வச்சானுங்க. நான் உள்ள வந்தாலே ஒருத்தன் கார் ஓட்டற மாதிரி வந்து என் முன்னாடி நிப்பான், போலாமா சார்ம்பான். ஒரு வருஷம் ஆச்சுடா, அந்த வலது கைக்கு நீ காலியாத்தான் இருக்கன்னு புரிய வைக்க.

அப்புறம் இங்க வந்தா நேர் தலைகீழ். ஃபைனலுக்கு முந்தின வாரம் ப்ராக்டீஸ்ல மட்டையக் கீழ போட்டுட்டு ரெண்டு கையாலயும் பந்தப் பிடிச்சேனே, ஞாபகம் இருக்கா? எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சீங்க. உங்கப்பா மட்டும் சிரிக்கல. ரெண்டு நாள்ல சரியாயிடும், ஹர்லிங் ஒடம்புல இருக்கறதுன்னாரு. ஊர்க்காரங்க இப்ப அதத்தான் பிடிச்சிக்கிட்டாங்க. பாரு, அப்பவே தெரிஞ்சுதே, இவன் கை இங்க இல்லன்னு தெரிஞ்சும் எறக்குனாரேங்கறாங்க.

அவரு கேட்டாருடா. அதத்தான் சொல்ல வர்றேன். எங்க வீட்டுக்கு வந்தாரு, உக்காரக்கூட இல்ல, அடுப்புப் பக்கமா நின்னுக்கிட்டே கேட்டாரு. உனக்குச் சம்பளம் குடுக்கறவங்க விடுவாங்களா, கால் கை ஒடிஞ்சா அவங்களுக்கு யார் பதில் சொல்றது, எனக்கு உன் பொழப்பக் கெடுத்த பாவம் வேண்டாம்னாரு. கேட்டுட்டேன், பர்மிஷன் குடுத்துட்டாங்கன்னேன். எங்கப்பா பக்கத்துல நின்னு கெட்டில்ல தண்ணி பிடிச்சிக்கிட்டே சிரிக்கறாரு. அவரப் பார்த்திருப்பியே, என் ஆஸ்திரேலியா டீம் தொப்பியப் போட்டுக்கிட்டு ஊரெல்லாம் சுத்தறாரு, வெயிலே அடிக்காத ஊர்ல. கோயில்ல மட்டும் கழட்டி மடியில வச்சிக்கறாரு.

உன் ஜெர்சிய நீயே மடிச்சுக் குடுத்த பாரு, அது இன்னும் கண்ணுலயே நிக்குது. சுருட்டி மூஞ்சியில எறிஞ்சிருக்கலாம்லடா. வருஷம்பூரா மழையில நின்னு ஆடி, செமிஃபைனல்ல மண்டையில தையல் போட்டுக்கிட்டு டீம கரை சேர்த்தவன் நீ. நான் பிளைட்ல வந்து எறங்குனவன். காலர எல்லாம் நீவி விட்டு, பேர் சொல்லி குடுத்த. இந்தா கஹால்னு. கடைசியா நீ எங்கிட்ட பேசுனது அதான்.

சரி, ஆட்டத்துக்கு வர்றேன். நீ பெஞ்சுலேருந்து பார்த்ததுதான். எதிர் டீம் ருவாரி என்ன ரெண்டு தடவ தாண்டிப் போயிட்டான், ரெண்டுமே புள்ளி. அவன் காலு அப்படி. ஆனா கடைசில நாம ஒரு புள்ளி முன்னாடி, விசில் எப்ப வேணா ஊதலாம். பந்து அவன்கிட்ட வருது. எங்க? கோல் முன்னாடி கட்டத்தோட மூலையில. முதுகு கோலப் பார்த்து நிக்குது, அங்கேருந்து அவனால ஒண்ணும் பண்ண முடியாது. நான் சும்மா நின்னா போதும்டா. நட்டு வச்ச வேலிக்கம்பு நின்னாக்கூட போதும். நம்ம பசங்க ரெண்டு பேரு ஓடி வந்துக்கிட்டிருக்காங்க, எனக்கே தெரியுது. உங்கப்பா கோட்டுக்கு வெளிய நின்னு கத்தறாரு, நில்லுடா, நில்லுடான்னு. கேக்குது. நல்லாக் கேக்குது.

பிடிச்சிட்டேன். முட்டிய மடக்கி, தலைய ஒரு பக்கமா ஒதுக்கி, ரெண்டு கையும் அவன் இடுப்பச் சுத்திப் பூட்டு போட்ட மாதிரி. தூக்கி உருட்டுனேன் பாரு, மட்டை எங்கயோ பறக்குது, ஹெல்மெட் புல்லுல மோதுது. பெனால்டி. கோல். கோலுக்கு மூணு புள்ளி. அத்தோட முடிஞ்சுது.

ஐயோ பாவம், பழக்கதோஷம்னாங்க. நானும் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். தலையக் குனிஞ்சா ஆமான்னு அவங்களே எடுத்துக்கறாங்கடா, வாயத் தொறந்து பொய் சொல்ற வேலகூட இல்ல. ஆனா இன்னிக்கு உங்கப்பா டை கட்டறாரு.

அந்தக் கடைசிப் பந்து வர்றதுக்கு முன்னாடி ருவாரி எங்கிட்ட ஒண்ணு சொன்னான். நீ பார்த்திருப்ப, தோள் மேல சாஞ்சு ஏதோ பேசுனான்ல. இல்ல, கெட்ட வார்த்தை இல்ல. கெட்ட வார்த்தைக்கெல்லாம் நான் அசர மாட்டேன். சிரிச்சிக்கிட்டே சொன்னான். அவன் மச்சான் ஒருத்தன் மெல்பர்ன்ல கட்டட வேலை பார்க்கறானாம். ஏன்டா கஹால், உங்கப்பாவுக்கு இன்னும் தெரியாதா, பாவம், அந்தத் தொப்பிய எப்பக் கழட்டுவாருன்னான். அவ்வளவுதான். எனக்குப் பந்து தெரியல, கோல் தெரியல. அந்த வாய் மூடணும். ஃபைனல் போனாப் போவட்டும்னுகூட நெனச்சேனோ என்னமோ. நெனைக்கலன்னு சொல்ல முடியல.

என்ன கேட்ட? மெதுவாப் பேசற, மெஷின் சத்தத்துல கேக்கல.

ஜனவரியில ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பிப் போறதா? ஜனவரி டிக்கெட்டெல்லாம் எதுவும் இல்லடா. சீசன் முடிஞ்ச மறுநாளே கூப்பிட்டு உக்கார வச்சு, போயிட்டு வாப்பான்னுட்டாங்க. மரியாதையாத்தான் சொன்னாங்க, குறை சொல்ல முடியாது. உங்கப்பாகிட்ட பர்மிஷன்னு சொன்னேனே, யாரு வேண்டாம்னு சொல்லப் போறாங்க, நான் அவங்க ஆளே இல்லையே.

ஏன் அனுப்புனாங்கன்னா, நல்லா ஓடற, நல்லா எட்டிப் பிடிக்கற, ஆனா ஆளு எதிர வந்தா பிடிக்க மாட்டேங்கற, ஒதுங்கிடற, மூணு வருஷமாச் சொல்லிக்குடுத்தும் வரலன்னாங்க. நெசந்தான். பஞ்சு மூட்டையத் தொங்கவிட்டா பிடிப்பேன். மனுஷன் வந்தா மட்டை இல்லாத கை என்ன பண்றதுன்னு தெரியாம நிக்கும். அங்க ஒரு ஆட்டத்துலகூட எவனையும் ஒழுங்கா கீழ சாய்ச்சதில்ல. ருவாரிதான் மொத ஆளு.

அது கடைசி மாடுதானே? மெஷின நான் கழுவி வைக்கறேன், நீ போய்க் கை கால் அலம்பு. உங்கப்பாகிட்ட டையக் கழட்டச் சொல்லு, இன்னிக்கு அவரு ஒண்ணும் பேச வேண்டியதில்ல, நான் பேசிக்கறேன். எங்கப்பாவும் வர்றாரு மீட்டிங்குக்கு, அந்தத் தொப்பியோட. உங்க வேன்ல எடம் இருக்கும்ல? முன்னாடி வேண்டாம்டா, நான் பின்னாடி நாய்கூட உக்காந்துக்கறேன்.