சாவு வீட்டிலிருந்து கலியாணத்துக்கு

ஹேவாஹெட்டவிலிருந்து கண்டிக்கு வந்த பஸ்ஸில், மடியில் நசுங்கிய டிரம்பெட்டோடு இருந்தவர் பக்கத்து ஆளிடம் சொன்னார்:

"பதினஞ்சு வருசமா எங்க பேண்ட் சாவு வீட்டுக்குத்தாங்க வாசிச்சுச்சு. போன மாசந்தான் கலியாணத்துக்கு மாறினோம்."

"எப்படிப் போச்சு?"

"மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு முன்னால வாசிச்சிக்கிட்டே போனோம். சந்தியில பழக்கதோசத்துல மயானத்துப் பக்கம் திரும்பிட்டோம்."

"மாப்பிள்ளை?"

"பின்னாலயே வந்தாரு. சனமெல்லாம் ஆடிக்கிட்டே வந்துச்சு. முதல் கல்லறையப் பார்த்துத்தான் நின்னோம்."

"அதுக்குத்தான் டிரம்பெட் நசுங்குற மாதிரி அடிச்சாங்களா?"

"இல்லீங்க. மாப்பிள்ளையோட பெரியப்பா கையப் பிடிச்சி, 'நல்லா வாசிக்கிறீங்க, நான் செத்தா நீங்கதான் வரணும்'னாரு."

"நல்லதுதானே?"

"எத்தனாந்தேதின்னு கேட்டேன். அதுக்குத்தான் அடிச்சாங்க."