ரஸ்ஸலின் மஞ்சள் கோட்டு

எல்லா நிறத்தையும்விடக் கறுப்புதான் சீக்கிரம் வெளுக்கும், சார்ஜென்ட். உங்கள் போலீஸ் சீருடையையே பாருங்கள், தோள்பட்டையில் தவிட்டு நிறம் தட்டியிருக்கிறது. அதனால்தான் எங்கள் வீட்டில் மாதக் கடைசி ஞாயிறு சாய நாள். பெரிய பானையில் நான் சாயம் கொதிக்கவைப்பேன், என் கணவன் ரஸ்ஸல் மரக்கரண்டியால் துணிகளைக் கிளறுவான். லீட்ஸ் நகரத்தில் இருந்தபோதும் அப்படித்தான், இந்த லிங்கன்ஷயர் கிராமத்துக்கு வந்த பிறகும் கொஞ்ச காலம் அப்படித்தான்.

இருபது வயதுக்கு முன்பே நாங்கள் இருவரும் கோத் ஆகிவிட்டோம், கறுப்பு உடையும் கண் மையும் கல்லறை அழகுமே கதியென்று திரிகிற கூட்டம். ரயில் பாலத்துக்கு அடியிலிருந்த ஒரு கிளப்பில் சந்தித்தோம். அவன் என்னைவிட நன்றாகக் கண்ணுக்கு மை தீட்டியிருந்தான். அதற்காகத்தான் பேசவே போனேன். சவப்பெட்டியில் வைத்து மூடுகிறவரை கறுப்பைக் கழற்றுவதில்லை என்று இருவரும் சொல்லிக்கொண்டோம். அந்த வயதில் எல்லோரும் எதையாவது சொல்லிக்கொள்வார்கள்தான். ஆனால் நாங்கள் கல்யாணத்துக்கும் கறுப்பு, அவன் வேலைபார்த்த வரி அலுவலகத்துக்கும் கறுப்பு.

பிறகு எனக்கு முழங்கால் போயிற்று. கிளப்பை இடித்து அடுக்குமாடி கட்டினார்கள். கல்லறைத் தோட்டத்தை ஒட்டி இங்கே ஒரு பழைய வீடு விலைக்கு வந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். கிராமத்தைப் பற்றி எங்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது. பாவாடை நுனியெல்லாம் சேறு. தபால் நிலையத்துப் பெண்மணி வாரம் தவறாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாரும்மா தவறிட்டாங்க?" என்பார். யாரும் இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. ரஸ்ஸலுக்கு அது சிரிப்பாக இருந்தது. கெட்டது அங்கேதான் ஆரம்பித்தது.

பழுப்பு பூட்ஸ் வாங்கினான், சேற்றுக்கு என்றான். பச்சைக் கம்பளிச் சட்டை வந்தது. தலைக்குச் சாயம் போடுவதை நிறுத்தினான். அவன் மை டப்பா காய்ந்து வெடித்துக் கிடந்தது. கேட்டால், "அறுபது வயசாச்சு கேய்னர், இனிமே யாரு பாக்கப் போறா?" என்பான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன், சார்ஜென்ட். இத்தனை வருஷமாக நான் ஒருத்தி பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

கடைசியில் அவன் மேல்கோட்டு மட்டும்தான் கறுப்பாக மிஞ்சியது. அதற்கும் டாரன் வந்து சேர்ந்தார். வயலிலிருந்து சர்க்கரை ஆலைக்கு பீட்ரூட் ஏற்றிப்போகும் லாரியை ஓட்டுகிறவர், நல்ல மனிதர். அறுவடை தொடங்கிய வாரம் எங்கள் வீட்டருகே சாலை வளைவில் ரஸ்ஸல் அவர் லாரியிலிருந்து மயிரிழையில் தப்பினான். அன்றைக்கே டாரன் கதவைத் தட்டினார். கையில் ரோடு போடுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் மஞ்சள் கோட்டு, வெளிச்சம் பட்டால் பளபளக்கிற பட்டை வைத்தது.

"இருட்டுல கறுப்புத் துணியோட நடந்தா, உங்களக் கண்டுபிடிக்க நான் என்ன வெளவாலா? இதப் போட்டுக்கங்க ரஸ்ஸல். நீங்களும்தான்க்கா. ரெண்டு பேரும் சேர்ந்து போனா பேயும் அதோட பொஞ்சாதியும் உலாத்தப் போற மாதிரி இருக்கு."

ரஸ்ஸல் விழுந்து விழுந்து சிரித்தான். எங்கள் கறுப்புக் கோட்டுகளுக்கு நடுவே அதைக் கொக்கியில் மாட்டினான். படியிறங்கும்போதெல்லாம் அது என் கண்ணைக் குத்தியது.

மற்றத் துணிகளோடு அது தவறிப்போய்ப் பானைக்குள் விழுந்துவிட்டது என்று காலையில் உங்களிடம் சொன்னேன். நீங்களும் தலையாட்டினீர்கள். சாயம் போட்டுப் பழகியவர்கள் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள். அது பாலியஸ்டர். பருத்திச் சாயம் அதில் ஏறாது. அதற்கென்று தனிச் சாயம் வரவழைக்க வேண்டும், திரும்பவும் கொதிக்கவைக்க வேண்டும். பளபளக்கிற பட்டையிலோ எந்தச் சாயமும் பிடிக்காது. அதைச் சின்னக் கத்தரிக்கோலால் தையல் பிரித்து எடுத்தேன். அந்த ஞாயிறு கிளறுவதற்கு ரஸ்ஸல் வரவில்லை, டாரனோடு பப்புக்குப் போய்விட்டான். நிதானமான வேலை. எனக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் பொழுது மங்கும் நேரம், உலாவப் போவதற்காகக் கொக்கியிலிருந்து எடுத்தான். திருப்பிப் பார்த்தான். பட்டை இருந்த இடத்தை விரலால் தடவினான். கத்துவான் என்று நினைத்தேன்.

"உன்னால தாங்கவே முடியலல்ல?"

"முடியல."

கோட்டோடு மாடிக்குப் போனான். இறங்கி வந்தபோது கண்ணில் மை. என்னுடைய மைப் பென்சிலை எடுத்திருக்கிறான். பழக்கம் விட்டுப்போனதால் இடது கண்ணில் கோணிவிட்டது. கறுப்பு மேல்கோட்டுக்கு மேல் நான் கறுப்பாக்கிய அந்தக் கோட்டையும் மாட்டிக்கொண்டான்.

"இப்ப சந்தோஷமா? இன்னிக்கு ஒரு நாள் உனக்காக. வா, நடந்துட்டு வரலாம்."

முழங்கால் வலிக்கிறது என்றேன். அது பொய் இல்லை. டாரனின் லாரி தினமும் அந்த நேரத்துக்குத்தான் வளைவில் திரும்பும். எங்கள் ஜன்னல் கண்ணாடி அதிரும். தேநீர் போட்டுக்கொண்டு ஜன்னலருகே உட்கார்ந்தேன்.

டாரன்மேல் ஒரு தப்பும் இல்லை, எழுதிக்கொள்ளுங்கள். ரஸ்ஸலின் உடம்புக்குப் பக்கத்தில் சேற்றில் மண்டியிட்டு, "நான் பாக்கலக்கா, சத்தியமா பாக்கல," என்று அழுதார். யாராலும் பார்த்திருக்க முடியாது என்று முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஆமாம், தெரிந்துதான் அனுப்பினேன். வாசலில் வைத்துப் போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன்கூட. ஆனால் அவன் அவ்வளவு அழகாக இருந்தான், கிளப்பில் பார்த்த அதே ரஸ்ஸல். திரும்பி வந்திருந்தால் மையைக் கழுவியிருப்பான். மறுநாளே இன்னொரு மஞ்சள் கோட்டு வாங்கியிருப்பான்.

ஒரே ஒரு உதவி கேட்கிறேன், சார்ஜென்ட். பெட்டியை மூடுவதற்கு முன் என்னைக் கொஞ்ச நேரம் உள்ளே விடுங்கள். இடது கண் மையைச் சரிசெய்ய வேண்டும். அப்படியே அனுப்பினால் என்னை அவன் மன்னிக்கவேமாட்டான்.