பாக்கி நின்ற படுதா

"அரண்மனைய உரக்கடைக்காரர் எடுத்துக்கிட்டாரு. காடு ரைஸ்மில்லுக்குப் போயிருச்சு. சுடுகாடுதாண்ணே பாக்கி நிக்குது."

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்தவர் சொன்னார். குரும்பலூர்ப் பக்கத்து நாடக மன்றம் ஒன்றின் செயலாளர் அவர். அருகில் இருந்தவர் ராஜா வேஷம் கட்டுபவர். மேடைக்குப் பின்னால் தொங்கவிடும் காட்சித் திரைகளை, படுதாக்களை, புதிதாக எழுதப்போகிறார்கள். செலவை ஏற்பவரின் பெயர் படுதாவின் அடியில் 'உபயம்' என்று வரும்.

"சிமெண்ட் கம்பெனியில கேட்டியாப்பா?"

"கேட்டேண்ணே. சுடுகாட்டுல எங்க பேரான்னு மேனேஜர் சிரிச்சிட்டாரு."

"அது இல்லாம கடைசி சீன் ஏது? திருவிழாவுக்கு ஒத்துக்கிட்டு வந்துட்டோம். நாடகத்தையே விட வேண்டியதுதான்."

"அரண்மனை பத்து நிமிஷத்துல சுருட்டிருவோம். சுடுகாடு ஒரு மணி நேரம் நிக்குது. சொன்னா ஒருத்தருக்கும் ஏற மாட்டேங்குது."

பக்கத்து வரிசையில் தோல்பையை மடியில் வைத்திருந்தவர் திரும்பினார்.

"முழுசா ஒரு மணி நேரமாங்க?"

"ஆமாங்க. ஒரு ஆள் எந்திரிக்காது. அழுதுகிட்டே உக்காந்திருக்கும்."

"அப்ப எனக்கு எழுதிக்குங்க. நான் இன்சூரன்ஸ் ஏஜெண்ட்."

ராஜா செயலாளரைப் பார்த்தார். செயலாளர் நோட்டைத் திறந்து பெயரையும் விலாசத்தையும் கேட்டு எழுதிக்கொண்டார்.

பெரம்பலூரில் இறங்கும்போது ஏஜெண்ட் படியில் நின்று திரும்பினார்.

"எழுத்து பெருசா இருக்கட்டுங்க. அழுதுகிட்டே படிக்கணுமில்ல."