கடலுக்குள் ஒரு கிணறு

அந்தமானில், கராச்சர்மா போகும் பஸ் பாதித் தூக்கத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. முன் சீட்டுப் பெண் தன் தோழியிடம் சொன்னாள்:

"கடலுக்குள்ள இருக்கற என் கிணத்தப் பாத்த ஒரே வக்கீலு, இப்ப கிணறே இல்லங்கறாரு."

"உங்க வக்கீலுதானே அக்கா?"

"சுனாமி முடிஞ்சப்ப என் வக்கீலு. டோங்கிப் படகுல கூட்டிட்டுப் போயி, தண்ணிக்கு அடியில காட்டினேன். முங்கின நிலத்துக்கு சர்க்கார் தர்ற மாத்து ஜமீன் தனக்குன்னு கொழுந்தன் கேஸ் போட்டான். இப்ப அவனுக்கு வாதாடறாரு. நிலம் உன்னுதுன்னா, நீ கிணறு வெட்டினதுக்கு சாட்சி யாருன்னு கோர்ட்டுல என்னையே கேக்கறாரு."

"என்ன சொன்னீங்க?"

"நீங்கதான் சாப், குனிஞ்சு பாத்தப்ப உங்க கண்ணாடி அதுக்குள்ளதானே விழுந்துச்சுன்னேன்."

ஜன்னலுக்கு வெளியே கடல் மெல்ல மினுங்கியது.

"அவரு?"

"போட்டிருந்த புதுக் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. ஜட்ஜு கூப்பிட்டும் தொடச்சுக்கிட்டே இருந்தாரு."