கோல் வலைக்குப் பின்னால் ஒரு மேளம்

வெந்நீர் நாற்பத்திரண்டு டிகிரியில் இருந்தால்தான் கால்பந்து வாதம் நன்றாக நடக்கும். அதற்குக் குறைந்தால் எல்லாரும் ஒத்துப்போய்விடுவார்கள், கூடினால் எழுந்து போய்விடுவார்கள். முப்பது வருஷமாக, ஊரார் ஒரே வெந்நீர்த் தொட்டியில் சேர்ந்து உட்காரும் பொதுக் குளியல் கூடம் நடத்துகிறவன் சொல்கிறேன், இதையும் குறித்துக்கொள்ளுங்கள் நிருபரே. பேரிக்காய் எடுத்துக்கொள்ளுங்கள், நல்ல இனிப்பு. நீங்கள் கொண்டுவந்த ஒலிப்பதிவை ஓடவிட வேண்டாம். கோல் வலைக்குப் பின்னால் டி.வி.க்காரர்கள் வைத்த மைக்கில் பதிவானதை நான் நேரிலேயே கேட்டவன்.

மேளம் அடித்தது நான்தான். இந்தக் கசுமிஹாமா ஊரில் ஓரிகாசா என்று என் பெயரைச் சொன்னால் இரண்டு விஷயம்தான்: ஒன்று இந்தக் குளியல் கூடம், இன்னொன்று கேலரியின் முதல் வரிசையில் இருக்கும் பெரிய மேளம்.

மினெகிஷி போன வசந்தத்தில் எங்கள் அணிக்குக் கோல்கீப்பராக வந்தான். இருபது வயது, நீளமான கை, கூச்ச சுபாவம். ஆட்டத்துக்கு முன் கோல்கீப்பர்தான் முதலில் மைதானத்துக்கு வருவார், நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம், அவர் குனிந்து வணங்குவார். மற்றவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். மினெகிஷி இடுப்பு வரை குனிந்து, நாங்கள் முடிக்கும்வரை நிமிரவே மாட்டான். எனக்கு அவனை அன்றே பிடித்துவிட்டது.

முதல் ஐந்து ஆட்டத்தில் ஒரே ஒரு கோல்தான் விட்டான். நல்ல விஷயம்தான். ஆனால் கேலரியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முந்நூறு பேர் வறுத்த நூடுல்ஸைத் தின்றுகொண்டு செல்போனை நோண்டினார்கள். எப்படியும் அவன் பிடித்துவிடுவான் என்று எல்லாருக்கும் தெரியும். நான் மேளம் அடித்தாலும் ஒன்றுதான், அடிக்காவிட்டாலும் ஒன்றுதான்.

ஆறாவது ஆட்டம், சொந்த மைதானம், முதல் பாதி. முதல் பாதியில் எங்கள் கோல்கீப்பர் எங்கள் கேலரிக்கு முன்னால்தான் நிற்பார். எதிரணிக்குக் கார்னர் கிக். பந்து தன்னுடையது என்றால் கோல்கீப்பர் “கீப்பர்” என்று கத்த வேண்டும், டிஃபெண்டர் ஒதுங்க வேண்டும். அவன் கத்தினான். அதே நொடியில் என் மேள அடி விழுந்தது. தற்செயல்தான், சத்தியமாக. டிஃபெண்டருக்குக் கேட்கவில்லை. குதித்துத் தலையால் முட்டினான், பந்து நம் வலைக்குள்ளேயே போனது.

பிறகு பின்னாலிருந்து யாரோ மினெகிஷியின் பெயரைச் சொன்னார்கள். முந்நூறு பேரும் எழுந்தார்கள். நூடுல்ஸ் கீழே விழுந்ததைக்கூட யாரும் பார்க்கவில்லை. அவன் திரும்பி எங்களைப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன்.

மறுநாள் நீங்கள் உங்கள் பத்திரிகையில் அவனுக்குப் பத்துக்கு மூன்றரை மார்க் போட்டீர்கள். ‘வாய் திறக்காத கோல்கீப்பர்’ என்று தலைப்பு. அன்று சாயங்காலம் என் தொட்டியில் நடந்த வாதம் இருக்கிறதே, பத்து வருஷத்தில் அப்படி ஒன்று நடக்கவில்லை.

ஓய்வுபெற்ற தபால்காரர் நேசு கழுத்தளவு நீரில் உட்கார்ந்து ஆரம்பித்தார். “கோல்கீப்பர்னா வாய் இருக்க வேணாமாய்யா? மீன் மார்க்கெட்ல ஒரு மாசம் ஏலம் விடச் சொல்லு, சரியாயிடுவான்.”

சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் பகுதி. சுவர் கூரையைத் தொடாது, அதனால் பேச்சுக்குத் தடையில்லை. நேசுவின் மனைவி ஹத்சுவே அங்கிருந்து குரல் கொடுத்தாள். “இருபது வயசுப் புள்ளைங்க அது. இருபது வயசுல நீங்க எங்கிட்ட வாயத் தொறக்கவே மூணு மாசம் ஆச்சு, மறந்து போச்சா?”

“அது வேற, இது வேற. நான் யாருக்கும் கோல் விடலயே.”

“ஆமா, அன்னிக்குக் கோல் விட்டது நாந்தான்.”

இரண்டு பக்கமும் சிரித்து ஓய்ந்ததும் நேசு வழிக்கு வந்தார். “அதுக்காக மூணரையா போடுவான் அந்தப் பேப்பர்காரன்? அவன கோல்ல நிக்க வச்சு நாலு பந்து அடிக்கணும். நம்ம புள்ளய நாமதான் திட்டணும், அவன் யாரு?” மன்னியுங்கள், அது உங்களைத்தான்.

அடுத்த சொந்த மைதான ஆட்டத்துக்கு அறுநூறு பேர் வந்தார்கள். ஹத்சுவே படுக்கை விரிப்பைக் கிழித்து ‘உன் குரல் நாங்கள்’ என்று எழுதிப் பிடித்தாள். இத்தனை பேர் இவ்வளவு அன்போடு வந்து நிற்கிறார்கள், பையன் ஒரு தப்பும் செய்யாவிட்டால் அந்த அன்பு எங்கே போகும் என்று யோசித்தேன். முதல் பாதியில் ஒரு கார்னர் வந்தது. கத்துவதற்கு முன் அவன் தோள் இரண்டும் லேசாக உயரும். நான் நேர் பின்னால் நிற்பவன், எனக்கு மட்டும்தான் அது தெரியும். தோள் உயர்ந்தது. அடித்தேன்.

மொத்தம் ஏழு தப்பு. ஏழும் சொந்த மைதானத்தில், ஏழும் முதல் பாதியில். ஆறு நடந்தபோதே நீங்கள் அதைக் கண்டுபிடித்தது கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் சொந்த ஊர் ஜனங்களைக் கண்டால் அவனுக்கு நடுக்கம் என்று எழுதிவிட்டீர்கள். அந்த வாரம் ஆயிரத்து இருநூறு பேர் வந்தார்கள். உங்களுக்கு நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

நான்காவது தப்புக்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், கூடம் திறக்கும் முன்னால் மினெகிஷி வந்தான். செருப்பை ஒழுங்காகத் திருப்பி வைத்துவிட்டு, என் மேசைக்கு முன் குனிந்து நின்றான்.

“ஐயா, நீங்கதான் எனக்கு ரொம்பக் கிட்ட நிக்கிறீங்க. ஒண்ணு கேட்டா மறைக்காமச் சொல்வீங்களா?”

“கேளு தம்பி.”

“நான் கத்துறது உங்களுக்குக் கேக்குதா? டிஃபெண்டருங்க, மத்த நேரமெல்லாம் நல்லாக் கேக்குதுங்கறாங்க. மனசு நோகக் கூடாதுன்னு சொல்றாங்கன்னு நினைக்கிறேன்.”

நிருபரே, அவன் குரல் எனக்குக் கேட்காத நாள் இல்லை. கணீரென்ற குரல். ஏலக்காரன் தோற்றுப்போவான்.

“கேக்கலையே தம்பி,” என்றேன். “இன்னும் கொஞ்சம் கத்தணும்.”

அவன் முகம் தெளிந்துவிட்டது. தன்னிடம் என்ன குறை என்று தெரிந்ததில் அவ்வளவு நிம்மதி. மூன்று தடவை நன்றி சொன்னான். நானும் சும்மா விட்டுவிடவில்லை. ஒவ்வொரு செவ்வாயும் காலித் தொட்டி முன்னால் நின்று அவனைக் கத்தச் சொன்னேன். “கீப்பர், கீப்பர்” என்று கண்ணாடியெல்லாம் அதிரும். நான் பெண்கள் பகுதியில் நின்றுகொண்டு, “இன்னும் பத்தல தம்பி” என்பேன். பிறகு அவனுக்குக் குளிர்ந்த காபிப்பால் ஒரு புட்டி கொடுப்பேன், காசு வாங்கியதே இல்லை. தொண்டை கட்டிப்போய் அவன் சிரிப்பான். என் வாழ்க்கையில் அவை நல்ல மதியங்கள்.

ஏழாவது தப்பைப் பற்றித்தான் கேட்க வந்திருக்கிறீர்கள். ஜூன் மாத மழை, பந்து வழுக்கியது. மினெகிஷி கோல் கம்பத்தை விட்டு முன்னால் வந்தான், தோள் உயர்ந்தது, அடித்தேன். டிஃபெண்டர் ஒதுங்கவில்லை. அவன் முழங்கால் மினெகிஷியின் தாடையில் பட்டது. அந்தச் சத்தம் மட்டும் மேளத்தையும் மீறிக் கேட்டது. உங்கள் பதிவிலும் இருக்கும். தாடை இரண்டு இடத்தில் முறிந்து, கம்பி போட்டுக் கட்டினார்கள். ஆறு வாரம் அவன் வாய் திறக்கவில்லை. அந்த வாரம் நீங்கள் அவனுக்கு மார்க் போடாமல் விட்டதைக் கவனித்தேன். நல்ல மனசு உங்களுக்கு.

ஸ்டிரெச்சரில் தூக்கிப்போனபோது ஆயிரத்து இருநூறு பேரும் அழுதுகொண்டே அவன் பெயரைப் பாடினார்கள். நேசு என் தோளில் சாய்ந்து அழுதார். அன்று எங்கள் கேலரி எவ்வளவு அழகாக இருந்தது என்று உங்கள் ஒலிப்பதிவில் தெரியாது.

அதற்குப் பிறகு அவன் விளையாடவில்லை. அப்பாவின் பழத்தோட்டத்துக்குப் போய்விட்டான். நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பது அவன் அனுப்பிய பேரிக்காய்தான். கீழே வைத்துவிடாதீர்கள், நல்ல பழம். கூடவே கடிதம் வைத்திருந்தான். ‘எல்லாரும் என் மனம் நோகக் கூடாதென்று பொய் சொன்னார்கள். நீங்கள் ஒருவர்தான் உண்மையைச் சொன்னீர்கள்’ என்று எழுதியிருக்கிறான். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மேசைக்குப் பின்னால் மாட்டியிருக்கிறேன். எத்தனை ரசிகர்களுக்கு இப்படி ஒரு கடிதம் வரும், சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் நாளைய ஆட்டம் முடிந்த பிறகு போடுங்கள். மினெகிஷி இடத்துக்குப் புதுப் பையன் வந்திருக்கிறான், பத்தொன்பது வயது. நேற்று பயிற்சியில் வேலியோரம் நின்று கேட்டேன், நல்ல கனமான குரல். மேளத்துக்குப் புதுத் தோல் போட்டுவிட்டேன். முதல் பாதி முழுக்க அவனைத் தனியாக விட மாட்டேன்.